ஆறு பொத்தான்கள்

மருத்துவர்கள் என் மனைவியைத் திங்கட்கிழமையில் பார்த்ததே இல்லை. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர மருத்துவமனையில் அவளுக்கு மருத்துவரைப் பார்க்கும் டெர்மின் எப்போதும் வெள்ளிக்கிழமைதான். எலும்பு மஜ்ஜையில் வந்த இரத்தப் புற்றுநோய்க்கு வாரம் ஒருமுறை வயிற்றில் ஊசி, அன்று காலையில் விழுங்கக் கோர்டிசோன் குளிசைகள். குளிசை போட்டு இரண்டு மணிநேரத்தில் முகம் சிவந்து, பேச்சு வேகமாகி, ட்ராம் நிறுத்தத்துக்கு எனக்கு முன்னால் நடப்பாள். மறுநாளும் அந்த வேகம் இருக்கும். வீட்டைத் துடைத்து, பார்க்க வருகிறவர்களுக்கு இறைச்சிக் கறியும் வைப்பாள்.

"அக்கா, உங்களுக்கு நோயெண்டு ஆர் சொல்லுவினம்?" என்று கேட்டபடி அவர்கள் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். குளியலறை பதினொரு அடி தூரம். நடுவில் ஒரு தடவை நிற்பாள். தேத்தண்ணீர் தகரம்போல் கைக்கிறது என்று தள்ளிவிடுவாள். விரல் நுனிகளில் உணர்வில்லை. ஒருமுறை சூடான சட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நான் கத்திய பிறகுதான் கையை எடுத்தாள்.

ஊசிக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். கடந்த ஏழு நாட்களில் களைப்பு எவ்வளவு, விரல் மரத்துப்போவது எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்து வரை வட்டமிட வேண்டும். நான் ஊரில் ஒரு பத்திரிகையில் செய்தி சரிபார்த்தவன். பிழையான எண்ணைக் கண்டால் கை தானாக நீளும். அவள் எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டாள்.

"விரலுக்கும் பூச்சியமோ?"

"ஓம்."

"அப்ப திங்கட்கிழமை கோப்பையை விழுத்தினது ஆர்? நானோ?"

"நீங்கள் பேப்பர் பாத்த காலம் முடிஞ்சுது. இது என்ர பேப்பர். பேசாம இருங்கோ."

காரணம் எனக்குத் தெரியும். நரம்பு பாதிக்கப்பட்டால் உடனே சொல்லுங்கள், ஊசியின் அளவைக் குறைப்போம், சொல்லாவிட்டால் அந்தப் பாதிப்பு நிலைத்துவிடலாம் என்று மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அவள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். மருந்து குறைந்தால் நோய் திரும்பி வரும். அப்படித்தானா என்று மருத்துவரிடம் கேட்கவும் என்னை விடவில்லை.

நானும் இதில் கூட்டாளி. ஒவ்வொரு வெள்ளியும் அவளுடைய கம்பளிச் சட்டையின் ஆறு பொத்தான்களையும் வீட்டில் நான்தான் பூட்டிவிடுவேன். மருத்துவமனை லிஃப்டில், மூன்றாம் மாடி வருமுன் ஆறையும் கழற்றிவிடுவேன். தாதி ஊசியோடு வரும்போது சட்டை திறந்திருக்கும், விரல்களுக்கு வேலை இருக்காது. இரண்டு மாதம் இப்படி ஓடியது.

மாசியில் ஒரு வெள்ளி, லிஃப்டில் நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேருங்கோ, சட்டைத் தெறி ஆறையும் கழட்டி விடுங்கோ."

"நீரே கழட்டும். பூச்சியம்தானே போடுறனீர்?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கு ஏலாதெண்டு உங்களுக்குத் தெரியும்."

"அதை அங்க சொல்லும்."

கதவு திறந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். படிவத்தில் வழக்கம்போல் பூச்சியங்கள்.

தாதி சட்டையைத் திறக்கச் சொன்னார். மேல் பொத்தானைப் பிடித்ததாக அவள் நினைத்தாள். விரல்கள் பக்கத்தில் இருந்த துணியைக் கிள்ளிக்கொண்டிருந்தன. குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து முயன்றாள். இரண்டாவது பொத்தான்வரை போகவே இல்லை. தாதி ஊசியைத் தட்டில் வைத்தார், படிவத்தை எடுத்துப் பார்த்தார், சட்டையைத் தானே திறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடப் போனார்.

அன்று ஊசி போடவில்லை. அடுத்த வாரம் முதல் அளவு குறையும், குறைந்த அளவும் நோயைக் கட்டுப்படுத்தும் என்று மருத்துவர் விளக்கினார். சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். விரல்கள் பழையபடி வருமா என்று கேட்டேன். ஓரளவு வரலாம், இரண்டு மாதம் முன்பே தெரிந்திருந்தால் நல்லது என்றார். இதை நான் தமிழில் சொல்லவில்லை. என்ன சொன்னார் என்று அவள் கேட்கவும் இல்லை. அந்த அளவு ஜெர்மன் அவளுக்கு விளங்கும்.

வெளியே உறைகுளிர். பொத்தான்களைப் பூட்டிவிடக் கை நீட்டினேன்.

"வேண்டாம். இதையும் போய்ப் பேப்பரில போடுங்கோ."

சட்டையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ட்ராம் நிறுத்தம்வரை நடந்தாள். காலையில் குளிசை போட்டிருந்தாள். அன்றும் எனக்கு முன்னால்தான் நடந்தாள்.