பயிற்சிக்குப் போன கோப்பு

தஞ்சாவூரில் ஓர் ஓட்டலின் குளிரூட்டிய அரங்கில் கட்டடக் கலைஞர்களுக்குத் தொழில் மேம்பாட்டு வகுப்பு நடத்தினார்கள். இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இத்தனை மதிப்பெண் என்று இப்போது கணக்கு. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்த பிள்ளைகளின் குறைகள் எனக்குப் புதிதில்லை. மனை பார்க்காமலே கையெழுத்துக் கேட்கிறார்கள், வயலைத் தூர்த்து வீடு கேட்கிறார்கள், நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, இந்த மாதிரிப் பயிற்சியால் உங்களுக்கு எப்போதாவது பயன் இருந்ததா என்று கேட்டாள். ஒரு முறை இருந்தது என்றேன். அதற்குள் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். சாம்பாரோடு போட்டி போட எனக்குத் துணிவில்லை. அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் அரசுப் பணியில் சேர்ந்தபோது கட்டடக் கலைஞர் என்றால் படம் போடுகிறவர் என்று பொருள். எங்கள் கோட்டத்தில் எல்லாரும் பொறியாளர்கள். கட்டடக் கலைஞர் நான் ஒருத்தி. பெண்ணும் நான் ஒருத்தி. ஊருக்குள் போனால் இஞ்சினியரம்மா என்பார்கள். திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் படம் போடுகிறவளிடம் ஒரு சிறு அதிகாரம் இருந்தது. அரசு கட்டும் குடியிருப்புக்கு மனை ஏற்றது என்று கட்டடக் கலைஞர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். கூலித் தகராறு ஓயாத ஊர். ஒரு பக்கம் சங்கத்துக் கொடி, இன்னொரு பக்கம் ஆளுங்கட்சிக் கொடி, இரண்டுக்கும் நடுவே மிராசுதாரின் வயல். விவசாயக் கூலிகளின் குடிசைகள் சாலையோரத் திடலில் இருந்தன. வயல்களுக்கு நடுவே மேடாக நிற்கும் நிலத்தைத்தான் அங்கே திடல் என்பார்கள். திடல் மிராசுதாருடையது. குடியிருக்கிறவருக்கே அந்த மனை சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அதன்படி திடல் கூலிக் குடும்பங்களுக்குப் போயிருக்க வேண்டும். தாசில்தாரிடம் விசாரணை நடந்துகொண்டே இருந்தது, அதாவது நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மிராசுதார் தரப்பில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு அரசு செலவில் ஓட்டு வீடு கட்டித்தர உத்தரவு வந்தது. மிராசுதார் பெருந்தன்மையாக முன்வந்தார். ஊருக்குக் கிழக்கே, வடிகாலை ஒட்டி இருந்த தன் வயலைத் தானமாகத் தருகிறேன் என்றார். ஆளுங்கட்சிக்காரர்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அங்கே வீடு கட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டால், திடலின் மேல் உரிமை கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். சாலையோர மேட்டில் அவர் அரிசி ஆலை வைக்கலாம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோப்பில் மட்டும் இல்லை.

நான் மனை பார்க்கப் போனது கார்த்திகையில். மனையைப் பார்க்க முடியவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். வரப்பு எங்கே என்று தெரியாமல், புடவையைச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். அந்த வயலில் நட்ட நாற்றே ஆண்டுதோறும் அழுகிப்போகும் என்று உடன் வந்த அம்மாள் சொன்னார். அவர் நடவுக்கு ஆள் சேர்க்கிறவர். சங்கத்தில் பெண்களுக்கு முன்னால் நிற்கிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தண்ணீருக்குள் நின்றபடியே வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"இங்க வீட்டக் கட்டிக் குடுத்தா பாயை எங்கம்மா விரிக்கிறது? தண்ணி மேலயா?" என்றார்.

அஸ்திவாரத்தை உயர்த்தினால் என்ன ஆகும், அதற்கு எவ்வளவு மண் வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டை உயர்த்தலாம், அடுப்பு விறகையும் ஆட்டையும் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழியையும் உயர்த்த மதிப்பீட்டில் இடம் இல்லை.

"ஒங்க கையெழுத்து இல்லாம நடக்காதுங்கிறாங்களே, நெசமா?"

"நெசந்தாங்க."

"அப்பப் போடாதீங்க."

அரசுப் பணியில் நான் கேட்ட ஆலோசனைகளிலேயே சுருக்கமானது அதுதான்.

மனை ஏற்றதல்ல, குடும்பங்கள் இப்போது இருக்கும் திடலே ஏற்றது என்று எழுதி அனுப்பினேன். கோட்டத்துக்குத் தலைவரான செயற்பொறியாளர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறும் வரை எந்தத் தொலைபேசியும் தன்னைத் திட்டக்கூடாது என்பது மட்டுமே அவருடைய வாழ்க்கை லட்சியம். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. திடலில் வழக்கு இருக்கிறது, தான நிலத்தில் இல்லை. மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், அப்புறம் அவர்களுக்குப் பள்ளத்திலும் வீடு இல்லை, மேட்டிலும் இல்லை என்றார். யோசித்துப் பார்த்தேன். தண்ணீரில் நிற்கும் வீடு அவர்களுக்கு வீடும் ஆகாது, திடலையும் பறித்துவிடும். மாற்றி எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒருவரை அலுவலகத்திலிருந்து அப்புறப்படுத்துவதற்கு முறைகள் உண்டு. இடமாற்றம் என்றால் காரணம் எழுத வேண்டும். தற்காலிகப் பணிநீக்கம் என்றால் குற்றச்சாட்டு எழுத வேண்டும். பயிற்சிக்கு அனுப்ப ஒன்றுமே எழுத வேண்டாம், வாழ்த்துச் சொன்னால் போதும். தை மாதம் எனக்கு வாழ்த்து வந்தது. சென்னையில் கிராமப்புற வீட்டுவசதி பற்றி நீண்டதொரு பயிற்சி. நான் இல்லாதபோது என் இடத்தில் பொறுப்பு வகிப்பவர் கையெழுத்துப் போடுவார். அவர் யார், எந்தப் பேனாவால் போடுவார் என்பது வரை தீர்மானமாகியிருந்தது.

"போய்ட்டு வாம்மா. சாப்பாடு நல்லா இருக்குமாம். கடல் காத்து வேற" என்றார் செயற்பொறியாளர்.

பயிற்சிச் சுற்றறிக்கைகளை யாரும் படிப்பதில்லை; தேதியையும் பயணப்படியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நான் படித்தேன். பயிற்சிக்கு வருகிறவர் தம் அலுவலகத்தில் நடப்பில் உள்ள ஒரு பணியின் கோப்பை அசலாகக் கொண்டுவர வேண்டும், அதன் மேலேயே பயிற்சி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. நகல் எடுக்கும் இயந்திரத்தை அப்போது எங்கள் கோட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் குடியிருப்பின் கோப்பு எண்ணைத் தெளிவாக எழுதி, எடுத்துப் போக அனுமதி கேட்டு அவர் மேசையில் வைத்தேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். என்னை அனுப்புகிற சந்தோஷம்.

"என்னம்மா இது?"

"பயிற்சிக்குக் கோப்பு ஒண்ணு கேட்டிருக்காங்க சார்."

"எடுத்துட்டுப் போ" என்று கையெழுத்திட்டார்.

கோப்போடு நான் ரயில் ஏறிவிட்டேன். பொறுப்பு அலுவலர் பேனாவைத் திறந்த பிறகுதான், கையெழுத்துப் போடத் தாள் இல்லை என்பது கோட்டத்தில் தெரிந்திருக்கிறது.

தந்தி வந்தது. கோப்பை உடனே திருப்பி அனுப்பவும். தந்தியை உரிய வழியில் பயிற்சி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். மாவட்டத்திலிருந்து தமக்கு ஒரு கட்டளை வந்துவிட்டதே என்று முகம் சிவந்தது. பயிற்சி முடியும் வரை கோப்பை விடுவிக்க இயலாது என்று பதில் போட்டார். இரண்டாவது தந்தி வந்தது. அதற்கு அவர் பதிலே போடவில்லை. அந்த நாட்களில் நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் இதுவும் சேர்த்தி.

பயிற்சியும் உண்மையில் நன்றாகவே இருந்தது. மலிவான கூரை, மண் கலவை, காற்றோட்டம் என்று பகலெல்லாம் வகுப்பு. மற்றவர்கள் தங்கள் கோப்புகளில் இருந்த மருத்துவமனையையும் விருந்தினர் மாளிகையையும் அழகாக வரைந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரே வீட்டை இரண்டு முறை வரைந்தேன். அரசின் மாதிரி வீடு. ஒன்று பள்ளத்தில், மற்றது திடலில். இரண்டு படத்துக்கும் குறுக்கே நீல மையில் ஒரே கோடு. அது கார்த்திகைத் தண்ணீரின் மட்டம். வடிகால் மதகின் சுவரில் படிந்திருந்த கறையிலிருந்து அளந்து வந்திருந்தேன். பள்ளத்து வீட்டில் அந்தக் கோடு அடுப்புக்கு மேலே போனது.

கடைசி நாள் துறையின் உயர் அதிகாரி வந்தார். எல்லாருடைய படத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர், என் படத்தின் முன் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர்க் கோடு நீங்களாகப் போட்டதா என்று கேட்டார். அளந்தது என்றேன், எப்படி என்பதையும் சொன்னேன். வழக்கு பற்றிக் கேட்டார். சட்டம் குடியிருப்பவர் பக்கம், தாமதம் மட்டும் மற்றவர் பக்கம் என்று விசாரணை தள்ளிப்போன கதையைச் சொன்னேன். பேராசிரியர் பின்னால் நின்று இருமினார். நான் நிறுத்தவில்லை.

"மேடு இருக்கும்போது இந்தப் பள்ளத்தை யார் தேர்ந்தெடுத்தது?" என்றார் அதிகாரி.

"யாரும் தேர்ந்தெடுக்கலீங்க சார். தானமா வந்துச்சு."

"தானத்துல யாருக்கு லாபம்?"

"குடுத்தவருக்குத்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. என் கோப்பைக் கேட்டு வாங்கி, நின்றுகொண்டே எழுதினார். தொழில்நுட்பக் காரணங்களால் தான நிலம் நிராகரிக்கப்படுகிறது, திடலிலேயே கட்டலாம், விசாரணையை முடிக்க ஆட்சியருக்கு எழுதவும், இது பயிற்சியின் மாதிரிப் பணியாகக் கருதப்படும். நிதி திரும்பிப் போகாமல் இருக்கவும் ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான் ஊர் திரும்பியபோது உத்தரவு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் முடியாத விசாரணை, மேலிடத்துக் கடிதம் வந்ததும் ஒரே அமர்வில் முடிந்தது. மிராசுதார் தரப்பில் அன்று எல்லாருக்கும் உடம்பு நன்றாகவே இருந்தது. செயற்பொறியாளர் என்னிடம் பத்து நாள் பேசவில்லை. பிறகு அவராகவே வந்தார்.

"கோப்பை எடுத்துட்டுப் போகச் சொன்னதே நான்தானேம்மா" என்றார்.

"ஆமா சார். நீங்க சொல்லலேன்னா ஒண்ணும் நடந்திருக்காது" என்றேன். மனிதர் உண்மையிலேயே மகிழ்ந்துபோனார்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு, உத்தரவு வருவதற்கு முன்பே பள்ளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் வருவதற்கு முந்தின நாள், பந்தற்கால்களைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் வரப்பு வழியே திடலுக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்கள் அந்தத் திடல்காரர்களே. அந்தம்மாள் முன்னால் நடந்து வழி சொல்லிக்கொண்டு வந்தார். பந்தல் துணியைத் தலையில் சுமந்தபடி வந்த அவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

"கல்லைப் போட வேண்டிய எடத்துலதாம்மா போடறாங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் வந்த பெண்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

விழாவில் எல்லாருக்கும் வெற்றி. ஏழைக்கு மேட்டிலே வீடு தந்த ஆட்சி என்று உறுப்பினர் முழங்கினார். போராடிப் பெற்ற மனை என்று சங்கத்தார் துண்டறிக்கை கொடுத்தார்கள். திடலைத் தானே விட்டுக்கொடுத்ததாக மிராசுதார் சொல்லி இரண்டாவது சால்வையையும் வாங்கிக்கொண்டார். கட்டடக் கலைஞர் பெயரை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். கல் திடலில் இருந்தது, வேறென்ன வேண்டும்.

கோடையில் சுவர் எழும்பியது, ஆடியில் ஓடு வேய்ந்தோம். பட்டாக்களைப் பெண்கள் பெயரிலேயே எழுத வேண்டும் என்று சங்கம் பிடிவாதம் பிடித்து, பாதிக்குமேல் அப்படியே வாங்கியது. ஐப்பசியில் அடைமழை. நான் மழையிலேயே போய்ப் பார்த்தேன். கிழக்கே தான நிலம் ஏரி மாதிரிக் கிடந்தது. அதில் வாத்து மேய்ந்தது. திடலில் கூரைக்குக் கூரை புகை எழுந்துகொண்டிருந்தது. அஸ்திவாரத்தில் ஓர் இடம்கூட ஈரம் ஏறவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் இடிக்கும் சத்தம் கேட்டது. அந்தம்மாள் வீட்டுப் பின்சுவரில் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசின் மாதிரி வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. சமையல் அறையிலிருந்து கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்ற வேண்டும். நானும் அதை அப்படியேதான் வரைந்திருந்தேன். அனுமதித்த படம் அது. கூட வந்த பொறியாளர் பதறிப்போனார். கட்டி முடித்து இன்னும் மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, அரசுக் கட்டடத்தை உடைக்கிறார்கள், உடனே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று படபடத்தார்.

"யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அந்தம்மாள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "யாரைக் கேக்கணும்? எம் வீடு" என்றார்.

பொறியாளர் என்னைப் பார்த்தார். அறிவிப்புக் கொடுக்க என்ன விதி இருக்கிறது என்று அவர் கேட்பது எனக்குப் புரிந்தது. எல்லா விதியும் எனக்குத் தெரியும். பட்டா அவர் பெயரில் இருக்கிறது, நமக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது என்றேன். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போய், புதுப் பின்வாசலுக்கு மேலே செங்கல் சரியாமல் இருக்க எந்த இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று காட்டினேன்.