கல் அடுக்கிய வழி

இந்த நாட்டில் எனக்குச் சம்பளம் தருவதே கல் அடுக்குவதற்குத்தான். சொன்னால் மதுரையில் சிரிப்பார்கள். ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளைப் பழுதுபார்ப்பதும், அவற்றுக்கு மலைமேல் நடைபாதை வகுப்பதும் கட்டடக் கலைஞரான என் வேலை. இங்கே மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும்; நீட்டிய கை தெரியாது. அதனால் பாதை நெடுகக் கற்களைக் குவித்து வைப்போம். கெய்ர்ன் என்பார்கள். ஒரு குவியலிலிருந்து அடுத்ததற்கு நடந்தால் பத்திரமாக இறங்கிவிடலாம். அடுத்தது தெரியாவிட்டால், நிற்கிற குவியலை விட்டு அசையக் கூடாது. என் மகள் ரூத்துக்கு அ, ஆவுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"உங்கள் ஊர் மலைகளிலும் கெய்ர்ன் உண்டா?" என்று உடன் வேலை செய்யும் மோரக் ஒருமுறை கேட்டாள். ஏராளமாக உண்டு என்றேன். "அப்படியானால் வழி தவறவே முடியாது" என்று மெச்சினாள். நானும் பெருமையாகத் தலையாட்டிவைத்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ஒரு பாறைக் குன்று. அதன் குகையில் பழங்காலத் துறவிகளுக்காக வெட்டிய கல் படுக்கைகள். வருகிறவர்கள் அவற்றை மிதித்துக்கொண்டே ஏறிப் போகிறார்கள், சுற்றிப் போக ஒரு பாதை வரைந்து தர முடியுமா என்று கல்லூரித் தோழி கேட்டிருந்தாள். காலையிலேயே ஏழு வயது ரூத்தையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். மார்கழிப் பனி குன்றை மூடியிருந்தது. இதெல்லாம் ஒரு பனியா என்ற தெனாவெட்டு எனக்கு.

படுக்கைகளை டேப் வைத்து அளந்துவிட்டுத் திரும்பினால் ரூத் இல்லை.

கூப்பிட்டேன், பதில் இல்லை. வெளியே பாறைமேல் சின்னதாக ஒரு கல் அடுக்கு தெரிந்தது. அதற்கப்பால் இன்னொன்று. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளை வழியைப் பிடித்து இறங்கியிருப்பாள் என்று நானும் அந்த அடுக்குகளின் பின்னாலேயே போனேன். போகப் போக அவை நெருக்கமாயின. ஓரிடத்தில் ஒரு பெண்ணும் அவள் கணவனும் குந்தியிருந்து கல்மேல் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ எறங்குற பாதை இதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"பாதையா? என்னக்கா நீங்க! செல்லூர்ல எம்புட்டு நாளைக்கு வாடகை வீட்டுல கெடக்குறது? சொந்த வீடு அமையணும்னு கும்புட்டு அடுக்குறோம். எல்லாரும் அதுக்குத்தான் அடுக்கிருக்காக, மதுர ஆத்தா கோயில் கோபுரம் இருக்குற பக்கமாப் பாத்து. அங்கிட்டுப் போயிராதீங்க, பாறை முடிஞ்சிரும். ஒரே பள்ளம்."

"என் பொண்ணு இதப் பாத்துத்தாம்மா போயிருப்பா!" என்று கத்தினேன். சின்ன வயதில் இந்த அடுக்குகளை எத்தனை மலையில் பார்த்திருக்கிறேன்! மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் அடுக்கியதில்லை, ஆனாலும் எதற்கென்று தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஸ்காட்லாந்து வேலை மறக்கடித்திருந்தது. ரூத்தோ சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை. இன்று ஒருநாள் என் பேச்சைக் கேட்காதிருக்கட்டும் என்று கர்த்தரை வேண்டினேன். அந்தப் பெண் கும்பிட்ட சாமியையும் விடவில்லை.

"கைய புடிச்சுக்கங்கக்கா" என்று அவள் கணவன் முன்னால் போனான். "ஏ பாப்பா! பாப்பா!"

"அம்மா" என்று மெலிதாகக் கேட்டது. பாறை விளிம்பில் கடைசி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் வெறும் பனிதான்.

"அடுத்தது தெரியலம்மா. அதான் நின்னுட்டேன்."

தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, அவர்கள் கல் அடுக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் என் கையில் ஒரு கல்லைக் கொடுத்தாள். "நீங்களும் ஒண்ணு வச்சுட்டுப் போங்கக்கா. எந்த ஊர்ல வீடு வேணும்னு மனசுல நெனச்சுக்கங்க" என்றாள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லை அடுக்கில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

தோழிக்குப் பாதை வரைந்து கொடுத்தேன். விளிம்பில் கம்பி வேலி போடச் சொன்னேன். அடுக்குகளைத் தொட வேண்டாம் என்றேன்.

நேற்று இங்கே மலையில் மூடுபனி இறங்கியது. நான் கட்டிய குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அடுத்தது நன்றாகத் தெரிந்தது. அதையும் கட்டியது நான்தான். அங்கிருந்து மோரக் கூப்பிட்டாள். கால் எழவில்லை. குவியலின் உச்சியில் வைக்க எடுத்த கல், எந்த ஊரை நினைத்து வைப்பதென்று தெரியாமல், கையிலேயே இருந்தது.