அட்ஜஸ்ட் ஆயிடும்

பிளாஸ்டர் மாவு இறுகிவிட்டதா என்று கட்டைவிரல் ஒருமுறை அழுத்திப் பார்த்தது. பிறகு வலது கை அரைவட்ட அரத்தை எடுத்தது. இடது கை அச்சைத் திருப்பிக் கொடுக்க, முழங்கால் சில்லுக்குக் கீழே அரம் இரண்டு இழுப்பு இழுத்தது. வெள்ளைப் பொடி மடியில் உதிர்ந்தது. மூன்றாவது இழுப்புக்குப் போன கை, என்ன நினைத்ததோ, அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தது. குழைத்த மாவை எலும்பு முனையில் அப்பியது, பக்கவாட்டில் அப்பியது, தேவையில்லாத இடத்திலும் கொஞ்சம் அப்பி ஈரவிரலால் நீவிவிட்டது.

"யோவ், சில்லுக்குக் கீழே இன்னும் எடுக்கணும்யா" என்றார் அடுப்புக்காரர். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் போர்த்துவது அவர் வேலை.

"போதும்."

"ஊருக்கெல்லாம் எடுப்பே, இதுக்கு மட்டும் போதுமாக்கும்?"

"என் தங்கச்சி காலுய்யா இது. எனக்குத் தெரியாதா?"

அடுப்புக்காரர் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது செயற்கைக் கால் செய்யும் பட்டறை. மிச்சமிருக்கும் காலை மாவுத்துணியால் சுற்றி அளவெடுத்து, அதிலிருந்து ஓர் அச்சு வார்த்து, அச்சின் மேல் தகட்டைப் போர்த்தினால் கிண்ணம்போல ஒன்று கிடைக்கும். கால் அதற்குள் போய் உட்கார வேண்டும். அச்சில் எங்கே இழைக்கிறோமோ அங்கே கிண்ணம் காலை இறுக்கும். எங்கே அப்புகிறோமோ அங்கே இடம் விடும். உடம்பின் கனத்தைச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் தாங்கும். எலும்பு முனை தாங்காது. ஆகவே தாங்கும் இடத்தில் ஈவிரக்கம் பார்க்காமல் இழைக்க வேண்டும். இதை அச்சு இழைப்பவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. முன்னால் செய்தவர்களின் கையைப் பார்த்தும், பிறகு தன் கையைத் தானே திட்டியும் கற்றுக்கொண்டது.

தெருவில் அவருக்குக் கால்காரர் என்று பெயர். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், "கால்காரர் வர்றாரு, எல்லாரும் காலை உள்ளே இழுத்துக்கங்கப்பா, அளவெடுத்துடப் போறாரு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒருவர் காலைப் பார்த்து, "உங்களுது எனக்கு வேணாம்ப்பா, வளைஞ்சு கெடக்கு" என்பார்.

அவர் வாயில் எந்நேரமும் ஒரு சொல் இருந்தது. அட்ஜஸ்ட். கணுக்காலுக்கு மேலே இருக்கும் திருகுகளை ஆலன் கீயால் ஒரு சுற்று முடுக்கி, பாதம் வெளியே திரும்பாமல் செய்வது அட்ஜஸ்ட். புதுக்காலைப் போட்டு இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் நடப்பவர் வலிக்கிறது என்றால், "கொஞ்ச நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று சொல்வதும் அதே சொல்தான். முன்னதில் கால் மாறும். பின்னதில் ஆள் மாற வேண்டும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. பெரும்பாலோர் மாறித்தான் போனார்கள்.

வீட்டில் அந்தச் சொல் வேறு வேலைகளைப் பார்த்தது. தங்கை கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து நின்றபோது, "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கூட்டத்தில் அவரும் இருந்தார். பண்ணிப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக ஓர் அறை எடுத்து, தன் கதவைத் தானே பூட்டித் திறந்துகொண்டு நிம்மதியாக இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பின்னால் வந்த லாரியில் சிக்கி வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அறை போயிற்று. அண்ணன் வீட்டு முன்னறைச் சோபாவுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணி நல்லவள். "நாலு பேரு இருக்கற இடத்துல அஞ்சாவது ஆளு. அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டோமா?" என்று மனசாரச் சொன்னாள். தங்கை சிரித்தாள். அன்று மாலை அண்ணனிடம் மட்டும் சொன்னாள்: "அண்ணா, எனக்கு என் ரூம் வேணும். அதுக்கு என் வேலை வேணும். மாசக் கடைசிக்குள்ள வந்து ஒரு முழு நாள் நின்னு காட்டினா வேலை இருக்குன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இல்லைன்னா வேற ஆள் போட்டுருவாங்க. என்னை நிக்க வச்சிடு."

"உட்கார்ந்து விக்கக் கூடாதா பாப்பா?"

"எங்க கடையில ஸ்டூலே கிடையாது. உட்கார்ந்துட்டா, கஸ்டமர் வந்தா எந்திரிக்க மனசு வராதாம்."

பட்டறையில் கிண்ணத்தைப் போட்டு இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் அவள் நடந்தாள். போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"அண்ணா, பஞ்சு மாதிரி இருக்கு! எல்லாரும் அந்த அழுகை அழறாங்களே, எதுக்கு?"

அவர் குனிந்து, கிண்ணத்தைக் கழற்றி, காலைப் பார்த்தார். புதுக்கால் போட்டு நடந்த பிறகு சில்லுக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் தொழில். அங்கே சிவந்திருந்தால் கனம் சரியான இடத்தில் விழுகிறது என்று அர்த்தம். தங்கையின் காலில் சிவப்பே இல்லை. வேறு யார் காலாக இருந்தாலும் அச்சைத் திரும்ப எடுத்திருப்பார். அன்று, நோகவில்லையே என்று சந்தோஷப்பட்டுவிட்டார்.

அவள் வீட்டிலேயே கடை வைத்தாள். அலமாரியில் இருந்த போர்வைகளையும் துண்டுகளையும் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, பின்னால் நின்றுகொண்டு அண்ணிக்கு விற்றாள்.

"சாயம் போகுமாம்மா?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"போகவே போகாதுக்கா. துவைக்கத் துவைக்கப் பளிச்சுன்னு வரும்."

"இந்த ஓரம் கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"மடிச்சுப் போட்டா தெரியாதுக்கா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"நல்லாப் பேசறேடி! என் போர்வையையே என் தலையில கட்டறே!"

இருவரும் சிரித்தார்கள். பட்டறையிலிருந்து வந்த கால்காரரும் வாசலில் நின்று சிரித்தார். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை என்று அண்ணி பெருமையோடு சொன்னாள். அப்போதுதான் தங்கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தை அவர் கவனித்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

"கழட்டு பாப்பா."

"நல்லாத்தான் இருக்கு அண்ணா."

"கழட்டுன்னு சொல்றேன்ல."

கிண்ணத்துக்குள் காலில் மாட்டியிருந்த துணியுறையின் நுனி ஈரமாக இருந்தது. சிவப்பு. பிடிமானம் இல்லாத கிண்ணத்துக்குள் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உடம்பின் கனம் முழுவதும் எலும்பு முனையில் விழுந்து தோல் கிழிந்திருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுவும் அட்ஜஸ்ட் ஆயிடும்னு நினைச்சேன்" என்றாள் தங்கை. "நீதானே எல்லாருக்கும் சொல்லுவே."

மறுநாள் கிண்ணத்தை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்த அடுப்புக்காரர், "கால் செய்யச் சொன்னா தலையணை செஞ்சு வச்சிருக்கே" என்றார். பிறகு கால்காரர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "புண்ணு ஆறாம அளவெடுக்க முடியாதேய்யா."

"தெரியும்."

"மாசக் கடைசி?"

"அதுவும் தெரியும்."

கால்காரர் துணிக்கடைக்குப் போனார். நெடுக நிற்கும் பெண்களைத் தாண்டி மேனேஜரிடம் போய் நின்று, ஒரே ஒரு ஸ்டூல் கேட்டார். அல்லது கொஞ்ச நாள் கூடுதலாகக் கேட்டார். மேனேஜர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். முழுக்கக் கேட்டார்.

"உங்க கஷ்டம் புரியுது சார். ஒருத்தருக்கு ஸ்டூல் போட்டா எல்லாரும் கேப்பாங்க. நாள் தள்ளிப் போடறது என் கையில இல்லை. முதலாளி சொன்ன தேதி. நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

கடுமையே இல்லாத குரல். வலிக்கிறது என்று சொல்பவர்களிடம் தான் பேசும் அதே குரல் என்று அவருக்குத் தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு செய்வதற்கு ஏதுமில்லை. புண்ணுக்கு அரம் பிடிக்கத் தெரியாது. அது ஆறும்போது ஆறும். அண்ணி மருந்து போட்டாள். அவர் தினமும் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். தங்கை சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் திரும்பக் கட்டுவார்.

மாதம் முடியப்போகிற நேரத்தில் தோல் மூடியது. இளந்தோல், நகம் பட்டால் கிழியும். இன்னும் சில வாரம் விட்டால் நல்லது. விட வழியில்லை. பட்டறைக்கு அழைத்துப் போய் மாவுத்துணியைச் சுற்றினார். மாவு இறுகுவதற்குள் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்த வேண்டும். வைத்தார். விரல் தயங்கியது.

"அழுத்து அண்ணா."

"நோகும்."

"அன்னிக்கு நோகாம செஞ்சியே, என்ன ஆச்சு? அழுத்து."

அழுத்தினார். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடும் விசிறியைப் பார்த்தாள்.

அச்சை இழைத்தபோது அடுப்புக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அரம் போக வேண்டிய ஆழத்துக்குப் போயிற்று. தகடு வெந்து படிந்தது. விளிம்பை வெட்டி, வழவழப்பாக்கி, குழாயை மாட்டி, ரப்பர் பாதத்தைப் பொருத்தி, திருகுகளை முடுக்கினார். மறுநாள் கடை. அது அவள் நின்று காட்ட மிச்சமிருந்த கடைசி நாள்.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போட்டுப்போகும் செருப்பில் வலதை மட்டும் கையில் வைத்திருந்தாள். ரப்பர் பாதத்துக்குப் போட.

"இது வலிக்குமா அண்ணா?"

"வலிக்கும். சில்லுக்குக் கீழே."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும்."

"தோலு தாங்குமா?"

அவர் கிண்ணத்துக்குள் கையை விட்டு உட்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். செய்ய வேண்டியது எல்லாம் செய்தாகிவிட்டது. இனி எடுக்கவும் ஏதுமில்லை, வைக்கவும் ஏதுமில்லை.

"தெரியலை பாப்பா" என்று சொல்லி, காலை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.