படத்தில் இல்லாத மீசை

பதினெட்டு வயதில் எனக்கு மீசை இருந்தது. மேலுதட்டின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, யாரும் விளக்குப் பிடித்துத் தேட வேண்டியதில்லாத அளவுக்கு இருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணை அந்த நாட்களில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் முளைக்கவில்லை. "கொஞ்சம் தரட்டே அண்ணை?" என்று கேட்டுக் குட்டு வாங்குவது என் வழக்கம்.

என் மீசை என்னை அதிகம் தொந்தரவு செய்யவில்லை. அம்மாவைத்தான் படாத பாடு படுத்தியது. கஸ்தூரி மஞ்சளை அரைத்துப் பூசினார். பயற்றம் மாவைக் குழைத்துத் தேய்த்தார். அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டு ஒவ்வொரு மயிராகப் பிடுங்கிப் பார்த்தார். முகம் மஞ்சளானது, மீசையும் மஞ்சளானது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் மலாயாவில் றெயில்வேயில் கிளாக்கர் வேலை பார்த்த ஒருவரின் சம்பந்தம் வந்தது. முதலில் படங்கள் கப்பலில் போய்வர வேண்டும், பிறகுதான் ஆட்கள். ஐயா என்னை யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனார். ஒரு கிழமை கழித்துப் படம் கைக்கு வந்தபோது அதில் மீசை இல்லை. யாரும் கேளாமலே படக்காரர் கண்ணாடித் தகட்டில் பென்சிலால் தீட்டி, அதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியிருந்தார். "இது ஆர்?" என்று கேட்டேன். அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐயா என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உறையில் போட்டு ஒட்டினார்.

மாப்பிள்ளையின் படமும் எங்களுக்கு வந்தது. சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்காமல், படம் பிடிப்பவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பெண்ணைப் பிடித்திருக்கிறது, வைகாசியில் லீவில் வருகிறேன் என்று அவர் எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பிடித்திருந்தது என் முகம் அல்லவே.

வழி பலாப்பழத்தில் கிடைத்தது. எங்கள் தென்மராட்சியில் வைகாசி பிறந்தால் வீட்டுக்கு வீடு பழம் வெட்டுவோம். வெட்டுமுன் கைக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். அன்றைக்கு நான் மறந்துபோனேன். முழங்கைவரை பால் ஒட்டிக் காய்ந்துவிட, பழந்துணியால் அழுத்தி வெடுக்கென்று இழுத்தேன். துணியோடு கையிலிருந்த மயிரெல்லாம் வந்துவிட்டது. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள், பலாப்பாலில் கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்துச் சிரட்டையில் இளக்கினோம். அம்மா அதை ஈர்க்கால் எடுத்து என் உதட்டுக்கு மேல் தடவி, வேட்டித் துண்டை வைத்து அழுத்தினார். சூடு ஆறியதும், "பல்லைக் கடி" என்று சொல்லி இழுத்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஆனால் மீசை போய்விட்டது! கண்ணாடியில் பார்த்தேன், படத்தில் இருந்தவளேதான். விடிய எழும்பிப் பார்த்தால் மேலுதடு சிவந்து, தடித்து, மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவரும் தாய் தகப்பனும் பத்து மணிக்கு வந்தார்கள். நான் கோப்பித் தட்டோடு போனேன். தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைக்கு உதட்டிலை என்ன?"

அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "குளவி கொத்திப்போட்டுது. கிணத்தடியிலை பெரிய கூடு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை படத்தில் இருந்த அதே பார்வைதான். முதலில் ஒரு பொய்ப்படம், இப்போது ஒரு பொய்க் குளவி. இந்த மனிதரோடு காலம் முழுக்கக் குளவிக் கதை சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

"குளவி இல்லை மாமி. எனக்கு மீசை இருக்கு. படத்திலை அதைப் படக்காரர் அழிச்சுப்போட்டார். நேற்றுப் பலாப்பால் வைச்சுப் பிடுங்கினனாங்கள். திரும்ப வளரும்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதே அந்தக் காலத்தில் பெரிய கதை. ஐயா முகட்டைப் பார்த்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கோப்பியைக் கீழே வைத்தார்.

"வளர எவ்வளவு நாள் செல்லும்?"

"மூண்டு கிழமை."

அவர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "அப்ப எழுத்தை நாலாம் கிழமை வைப்பம். எனக்கு ஆவணி வரைக்கும் லீவு இருக்கு. அவவின்ரை முகத்தைப் பார்த்திட்டுக் கையெழுத்து வைக்கிறன்."

எழுத்து என்பது தாலி கட்டுக்கு முன்னர் பதிவுகாரர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்கும் சடங்கு. அதில் அவர் கையெழுத்து வைப்பாரா, வைக்காமல் எழும்பிப் போவாரா என்று அந்தப் பேச்சிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் பயந்தேன். எதற்கும் பயப்படாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர், ஆனாலும் அந்த நாலு கிழமையும் சோறு இறங்கவில்லை. மீசை மட்டும் சொன்ன சொல் தவறாமல் வளர்ந்தது.

எழுத்து நாள் காலையில் குசினிக்குள் போனேன். அம்மா மறுபடியும் சிரட்டையில் பால் இளக்கிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் நீர். "கடைசியாய் ஒருக்கா, பிள்ளை. ஆம்பிளையள் சொல்லுவினம். கண்டால் மாறியிடுவினம்."

எனக்கும் கை நீண்டது. அதை மறைக்க மாட்டேன். சிரட்டையை வாங்கி ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்புக்குள் போட்டேன்.

பதிவுகாரர் புத்தகத்தை விரித்துப் பேனையை முதலில் மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், அத்தனை பேருக்கும் முன்னால், அவசரமே இல்லாமல். நான் தலையைக் குனியவில்லை.

"இப்பதான் ஆளைத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பேனையை வாங்கி ஒரே இழுப்பில் கையெழுத்து வைத்தார். அடுத்தது நான். எனக்குத்தான் அவசரம், என் பெயர் கோட்டைத் தாண்டி அவர் பெயருக்கு மேலே ஏறிவிட்டது.