மாமனார் கால் நனைத்த தொட்டி

தையல்காரரை மீன்பைத்தியம் என்று தெருவே கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும்! கடையில் சட்டை தாமதமானாலும் ஆகும், மீன்தொட்டியில் தீனி தாமதமாகாது. அப்படிப் பார்த்தும் என்ன பிரயோசனம்? போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் பிறந்த குஞ்சுகளெல்லாம் பட்டினியிலேயே செத்துப்போயின. அந்தப் பொடிசுகள் தூள் தீனியைத் திரும்பியும் பார்க்காது. உயிரோடு துள்ளுவது வேண்டுமாம், துரைமார்களுக்கு!

அதனால் இந்தத் தடவை குஞ்சுகள் பிறந்ததும் உப்புநீர் இறாலின் முட்டை வாங்கி வந்தார். பார்க்கக் காபித்தூள் மாதிரி இருக்கும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் உப்புத்தண்ணீர் கலந்து, குமிழி விடும் குழாயைப் போட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டால் மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் இறால்குஞ்சுகள் நெளியும். வாங்கிய முட்டை அத்தனையையும் கொட்டினார். இது தவறினால் மீன்குஞ்சுகள் இன்னொரு நாள் தாங்காது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார். வீட்டோடு இருக்கும் மாமனாரின் இரண்டு கால்களும் இறால் தொட்டிக்குள்!

"வாங்க மாப்பிள்ளை! குதிகால் வலிக்குதுன்னு நான் வாய்விட்டுக்கூடச் சொல்லலை. வெதுவெதுன்னு உப்புத்தண்ணி, குறுகுறுன்னு குமிழி, விளக்கு வேற! பெத்த மகன் செய்வானா இதை?"

தையல்காரர் தொட்டியருகே ஓடிக் குனிந்தார். "மாமா... காலுல தைலம் ஏதாவது தடவியிருக்கீங்களா?"

"ஊறின பிறகுதான் தடவுவேன்."

அப்பாடா! தைலம் கலந்திருந்தால் இறால்குஞ்சு அத்தனையும் செத்திருக்கும். உண்மையைச் சொன்னாலோ, மனுஷர் குதிக்கிற குதியில் தொட்டியே கவிழ்ந்துவிடும். வெளிச்சம் எங்கேயோ, இறால்குஞ்சு அங்கே. பல்பை அணைத்தார். கைபேசி டார்ச்சைத் தொட்டியின் மூலையில் காட்டியபடி குத்தவைத்து உட்கார்ந்தார்.

"என் பித்தவெடிப்பையா பார்க்குறீங்க? விடுங்க மாப்பிள்ளை, கூச்சமா இருக்கு!"

"அசையாதீங்க மாமா, உங்களுக்குக் கோடி புண்ணியம்!"

ஆரஞ்சுக் கூட்டம் பாதத்தை விட்டு மெல்ல மூலைக்கு வந்தது. சின்னக் குழாயால் உறிஞ்சி, லைனிங் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மீன்தொட்டியில் விட்டார்.

மீன்குஞ்சுகள் பாய்ந்தன. ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சு நிறத்தில் உப்பியது. பிழைத்துவிட்டன, பிழைத்தே விட்டன! தையல்காரருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஈரக்காலோடு பின்னால் வந்து நின்ற மாமனார் அவர் தோளைத் தட்டினார்.

"சீச்சீ, இதுக்குப் போய் அழுவாங்களா மாப்பிள்ளை? என் வலி பாதி போயிடுச்சு. நாளைக்கும் இதே மாதிரி வைங்க, மீதியும் போயிடும்."