பேட்டரிக்கு விட்ட இடம்

கேசட்டை உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார் இனாயத். பிறகு காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்கு. மேலே ஒட்டிய படத்தில் ஒரு டிராகன் நெருப்பு கக்குகிறது. பக்கத்தில் '9999 ஆட்டங்கள்' என்று பொன்னெழுத்து. "பொய்யி. உள்ள நாலு ஆட்டம் இருக்கும். அதுலயும் ரெண்டு ஒண்ணேதான், சட்டைய மாத்திக்கிட்டு வந்து நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியைத் தேடுகிறார்.

அலெக்சாந்திரியாவின் அத்தாரீன் சந்தையில், பூட்டிக் கிடக்கும் ஒரு கடிகாரக் கடையின் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. பழைய வீடியோ கேம் கேசட்டுகளை வாங்குவார், விற்பார், பழுது பார்ப்பார். முறையாக உரிமம் வாங்கிச் செய்த கேசட் ஒன்றுகூட இதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருந்ததே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மேசையும் சாலிடரிங் கம்பியும் கணவருடையவை. அவர் தன்தா நகரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தது தெரிந்த அன்றே இனாயத் ஆளை அனுப்பிவிட்டு மேசையை வைத்துக்கொண்டார். "ஒருத்தன மேல ஒட்டின படத்தப் பாத்துக் கட்டிக்கிட்டேன். அதுலருந்து எதையும் திறந்து பாக்காம வாங்கறதில்ல" என்பார். கேட்பவர் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

திறந்தால்தான் வேடிக்கை. ஒரே மஞ்சள் ஓடு, ஒரே படம், உள்ளே மூன்று விதம். ஒன்றில் கால் முளைத்த சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் சில்லு இருக்கிற இடமே தெரியாது; தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். மூன்றாவதில் மின்சுற்றுப் பலகை பாதி அளவுதான். கனம் காட்ட ஓர் இரும்புத் துண்டை ஒட்டி மூடியிருப்பார்கள். அப்படிக் கழற்றிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். கடற்காற்றுக்கு மேசைவிரிப்பு பறக்காமல் இருக்க அவைதான் உதவுகின்றன.

ஆட்டம் எதையும் அவர் ஆடியதில்லை. சின்னத் தொலைக்காட்சியில் செருகுவார், தலைப்பு வந்ததும் அணைத்துவிடுவார். ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றவே மாட்டார். கேசட்டின் மூடியைக் கொண்டுவந்த ஆளின் கண்ணெதிரே திறந்து, பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்து, உள்ளதைச் சொல்லிவிடுவார். "படந்தான் பொய் சொல்லுதே, நானும் எதுக்குச் சொல்லணும்?" பக்கத்துப் பித்தளை விளக்குக் கடைக்காரருக்கு இது பொறுக்காது. "உன் வாயிக்குப் பயந்தே பாதி ஆளு எதிர்ப்பக்கம் போயிடறான்" என்று அங்கலாய்ப்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை பஸ்யூனி வந்தார். அபூகீர் தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். சட்டைக்குள்ளிருந்து கேசட்டை எடுத்தார். விமானச் சண்டை ஆட்டம். படம் கோடு கோடாக வருகிறதாம்.

"என்ன வேணா செய்ங்கக்கா. திரையில மேல இருக்கற அந்த எண்ணு மட்டும் போயிடக் கூடாது."

"எந்த எண்ணு?"

"எண்பத்தேழாயிரத்து அறுநூறு. எங்கண்ணன் அடிச்சது."

அண்ணன் மஹ்ரூஸ் மீனவர். சின்ன வயதில் ஒருநாள் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது திரையைக் காட்டி, "பாத்தியா? நான் அடிச்சது. நீ பேரன் எடுத்தாலும் தொட முடியாதுடா" என்றாராம். எட்டு வருடம் முன்பு, டிசம்பரில் வரும் காசிம் புயலில், கடல் படகை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அதிலிருந்து பஸ்யூனி தினமும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஆட்டப் பெட்டியைப் போடுவார், அந்த எண்ணைப் பார்த்தபடி ஒரு டீ குடிப்பார், அணைத்துவிடுவார்.

"போன ரமலான்ல எண்பத்தாறாயிரம் வரைக்கும் போயிட்டேன்க்கா. கைப்பிடிய அப்படியே கீழ வெச்சிட்டேன். அவன் எண்ண அழிச்சிட்டு என் எண்ண வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? உள்ள பேட்டரி இருக்குமாமே, அது செத்தா எல்லாம் போயிடுமாமே. அதான் தூக்கமே இல்ல."

இனாயத் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். பலகையைத் திருப்பி வைக்கப் போன கை நின்றுவிட்டது.

"தம்பி, முனையில போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா. எனக்குச் சக்கரை நாலு."

பஸ்யூனி போனதும் பலகையை வெளிச்சத்தில் பிடித்தார். பேட்டரிக்கு இடம் விட்டிருந்தார்கள். வட்டம் போட்டு, கூட்டல் குறிகூட அச்சடித்திருந்தார்கள். பேட்டரி இல்லை. இரண்டு துளைகளிலும் ஈயம் பட்ட தடமே இல்லை. செய்தவர்கள் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பேட்டரி வைத்த பலகைதான் அடித்த எண்ணை நினைவில் வைக்கும். இது எதையும் வைக்காது. தொழிற்சாலையில் எழுதிய எண்ணையே ஒவ்வொரு முறையும் காட்டும்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டாமா? விற்பனைத் தட்டில் அதே படம் ஒட்டிய கேசட் ஒன்று கிடந்தது. தொலைக்காட்சியில் செருகினார். மேலே, எண்பத்தேழாயிரத்து அறுநூறு.

"அடப்பாவி மஹ்ரூஸ்!" என்றார் வாய்விட்டு. இறந்தவரைத் திட்டிவிட்டோமே என்று உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். சிரிப்பு வந்தது; அது அடங்குவதற்குள் கண்ணும் கலங்கியது. ஒரு பொடியன் தம்பியைச் சீண்ட விட்ட புளுகு, எட்டு வருடமாக ஒரு மனிதனைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பலகையைத் திருப்பி வைத்தால் அந்தப் புளுகு ஒரு நிமிடத்தில் உடைந்துவிடும்.

டீ வந்தது. அதற்குள் செருகுமுனைகளை ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். பஸ்யூனி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உறையிலிருந்து ஒரு வட்ட பேட்டரியை எடுத்து, அந்த வெற்று வட்டத்தில் பொருத்தி ஈயம் வைத்தார். கை பிசகவில்லை. பலகையை வழக்கம்போல் அவர் பக்கம் திருப்பினார்.

"பாரு, புது பேட்டரி. உன் எண்ணு எங்கயும் போகாது."

"பழசு எங்கக்கா?"

"பழச வெச்சு நீ என்ன பண்ணப் போற? டீயக் குடி, ஆறுது."

செருகிக் காட்டினார். கோடு ஒன்றுகூட இல்லை. எண் அப்படியே நின்றது. பஸ்யூனி திரையை விரலால் தொட்டார், கேசட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார், "நீங்க நல்லா இருக்கணும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

விளக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, இன்னிக்கி வாய் ஒண்ணும் வேலை செய்யலியா?" என்றார்.

இனாயத் விற்பனைத் தட்டிலிருந்த அந்த விமானச் சண்டைக் கேசட்டை எடுத்து, வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கத்தரிக்காய்களுக்கு அடியில், பையின் ஆழத்தில் திணித்தார்.