பாட்டுக்குப் பதில் ஒரு போர்டு

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். எனக்குக் குரல் கிடையாது. அதனால் அப்பா, எங்கள் மாட்டுங்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பரப்பி வைத்திருந்த போர்டையும் பொத்தான்களையும் விளக்குகளையும் காட்டி, "பாட மாட்டா. ஆனா லிஃப்ட் ஓட்டிக் காட்டுவா, பாருங்கோ" என்றார். உள்ளங்காலில் கூச்சம் தொடங்கி மேலே ஏறியது, சுவரில் மழை ஈரம் ஏறுவது போல.

எண்பதுகளின் நடுப்பகுதி. செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. லிஃப்டுக்குள் வைக்கிற கம்ப்யூட்டர் போர்டுகள் செய்தோம். பச்சைப் பலகை, கண்ணுமில்லை, காதுமில்லை. எந்தக் கம்பியில் பொத்தானின் சேதி உள்ளே வரும், எந்தக் கம்பியில் விளக்குக்கும் மணிக்கும் உத்தரவு வெளியே போகும் என்று நான்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். ஜம்பர் என்கிற குட்டித் தொப்பிகளை, பலகையில் வரிசையாக நீட்டியிருக்கும் உலோக முட்களில் முள் மாற்றி முள் மாட்டி, பட்டைக் கேபிளைச் சொருகி, திரும்பப் பிடுங்கி, மறுபடி மாட்டி. அன்று காலை மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினேன். மூன்றாம் விளக்கு எரிந்தது. மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. கல்யாணமானாலும் இந்த வேலை வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. பையனும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

வந்தவர்கள் முன்னால் ஸ்விட்சைப் போட்டேன். பொத்தானைத் தொடவேயில்லை. எல்லா விளக்கும் எரிய, மணி அலறியது, அலறிக்கொண்டே இருந்தது.

"அரே, ஃபயர் என்ஜின்னா வந்துடுத்து!" என்றார் பையனின் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். பிளக்கைப் பிடுங்கினேன்.

குனிந்தபோதுதான் தெரிந்தது. பொத்தான்களின் கேபிள் வந்து சேரும் இடத்தில், முள்வரிசையின் மேலேயே, காயாத சந்தனம். நடுவில் குங்குமம். ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் வைத்த அம்மாவின் அதே விரல், நல்ல காரியத்துக்கு முன்னால் இதற்கும் வைத்திருக்கிறது. முள்ளிலிருந்து முள்ளுக்கு ஈரம் ஓடி, எல்லா மாடியிலும் ஒரே சமயத்தில் யாரோ அழுத்துவதாக போர்டு நினைத்துக்கொண்டது.

அம்மா பஜ்ஜித் தட்டோடு நின்றாள். "என்னடி ஆச்சு?"

"கேபிளைத் திருப்பிச் சொருகிட்டேம்மா."

எட்டிப் பார்த்த பையனுக்குப் பொய் புரிந்துவிட்டது. அந்தக் கேபிள் முனையில் ஒரு மேடு உண்டு. திருப்பிப் போட்டால் நுழையவே நுழையாது. சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான் தினம் செம்பூருக்கு அலையறயா கொழந்தே?" என்றாள் அவருடைய அம்மா. "கல்யாணத்துக்கப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்? விட்டுடேன். என்னடா சொல்றே?"

அவர் காபி டம்ளரைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அவர்கள் போனதும், அம்மா சமையலறையில் இருந்த நேரத்தில், பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு முள்வரிசையைத் துடைத்தேன். ஈரம் போயிற்று, போர்டு பிழைத்தது. தெரிந்த வேலையைத் தெரியாதென்று என் வாயால் சொன்ன கசப்பு மட்டும் நாக்கிலேயே கிடந்தது.

"நான் சந்தனம் வெச்சதாலதான் இந்த மட்டோட போச்சு" என்றாள் அம்மா உள்ளிருந்து.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நீயே சொன்னியே, தப்பா சொருகிட்டேன்னு. அவா விடச் சொல்றதும் நியாயந்தானே?"

சந்தனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"வேலையை விட மாட்டேம்ப்பா. வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

வேலை தெரிந்தவள் பேசுவது போலவே இல்லை. தப்புச் செய்துவிட்டு அடம்பிடிக்கிறவளின் குரலாக அது என் காதிலேயே விழுந்தது.

அப்பா கீழே மருந்துக் கடைக்குப் போய்ப் போன் செய்தார். நான் கடையை ஒட்டிய மாடிப்படியில், குரல் எட்டுகிற தூரத்தில் நின்றேன். கடைக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ரிசீவரோரம் கையைக் குவித்தபடி, "வேலை அவளுக்கு அத்தனை நன்னா வரலை. ஆனா விட மாட்டேங்கறா. மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

நான் இறங்கிப் போய்த் திருத்தவில்லை.